சில்லறைச் சண்டையும் சில சொற்களும்

ஆங்கில மொழியில் ‘பிராபிள்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. அற்பமான ஒன்றைப் பற்றிக் கூச்சலிட்டுச் சண்டையிடுதல் என்பது அதன் பொருள். பதினாறாம் நூற்றாண்டில் மக்கள் நாவில் வழங்கிய அச்சொல் இன்று அகராதியோடு ஒதுங்கிவிட்டது. டச்சு மொழியில் குழறிப் பேசுவதையும் வாய்க்கு வந்தபடி உளறுவதையும் குறிக்கும் ஒரு வினைச்சொல்லே அதன் மூலமாக இருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. அதன் இடத்தில் இன்று வழங்கும் ‘ஸ்குவாபிள்’ என்ற சொல்லும் ஓசையைப் போலச் செய்து பிறந்ததே என்பர். ஆக, பக்கத்து வீட்டுச் சண்டை சன்னலுக்கு இப்பால் நிற்பவருக்கு எவ்வாறு கேட்குமோ அவ்வாறே ஆங்கிலேயர் அதற்குப் பெயர் சூட்டியிருக்கின்றனர். பொருள் விளங்கவில்லை, இரைச்சல் மட்டும் காதில் விழுகிறது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. சண்டையிடுகிற எவரும் தம் சண்டையைச் சில்லறை என்று சொல்வதில்லை. அவ்வாறு சொல்கிறவர் எப்போதும் வெளியே நிற்கிறவரே. அப்படியானால் ஒரு சண்டை அற்பமானதா அன்றா என்று தீர்ப்பிடும் உரிமை யாருக்கு உண்டு? கேள்வி எளியதுபோலத் தோன்றினாலும், ஒரு பங்கில் சில ஆண்டுகள் பணியாற்றியவர்க்கு இதன் பாரம் தெரியும். நெய்வேலி போன்ற ஒரு நகரியத்திலோ இக்கேள்வி வாரம் ஒருமுறையாவது வாயிற்கதவைத் தட்டுகிறது.

நம் மொழி இத்தகைய சண்டைகளை என்ன பெயரிட்டு அழைக்கிறது என்று முதலில் பார்ப்போம். ‘பூசல்’ என்ற சொல் பழந்தமிழில் பேரொலியையும் போரையும் போர்க்களத்து அழுகையையும் குறித்த பெரிய சொல். இன்று அது கட்சிக்குள் இருவர் முகம் கொடுத்துப் பேசாததைச் சொல்லச் செய்தித்தாள்களுக்குப் பயன்படுகிறது. மனிதரைப்போலச் சொற்களும் முதுமையில் சுருங்கிவிடுகின்றன போலும்! ‘மனத்தாபம்’ என்பதில் மனம் காய்கிறது. வெளியே ஓசையே இல்லை. ஓசையற்ற இந்தச் சண்டைதான் நீண்ட நாள் நிற்பது என்பதையும் இடையே குறித்துவைப்போம்.

‘பிணக்கு’ என்ற சொல் இவற்றைவிட ஆழமானது. பிணங்குதல் என்றால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளுதல். காட்டில் கிளைகள் பிணங்கி நிற்கும். கொடிகள் பிணங்கிக் கிடக்கும். பின்னலும் பிணைப்பும் பிணக்கும் தம்முள் உறவுடையனவாகவே நம் காதுக்குப் படுகின்றன. தொடர்பில்லாத இருவர்க்கிடையே பகை வரலாம்; பிணக்கு வராது. குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாள்களில் இதற்கு இணையான ஒரு சொல்லை நாம் கண்டதுண்டு. போட்டியாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘ரைவல்’ ஓடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வருவது. ஒரே ஓடையில் நீர் எடுத்துக்கொள்ளும் இருவரே உரோமைச் சட்டத்தில் அப்பெயர் பெற்றனர். எதிராளி என்பவர் யாரெனில், நம்மோடு ஒரே தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்பவர்!

தொடக்க நூலின் இருபத்தாறாம் அதிகாரத்தில் ஈசாக்கின் வேலையாள்கள் கிணறு தோண்டுகின்றனர். கெரார் ஊர் இடையர்கள் வந்து தண்ணீர் தங்களுடையது என்கின்றனர். வாக்குவாதம் எழுந்த கிணற்றுக்கு வாக்குவாதம் என்ற பொருளிலேயே ஏசேக்கு என்று பெயரிடுகிறார் ஈசாக்கு. அடுத்ததற்குச் சித்னா என்று பெயர். சாத்தான் என்ற பெயர் பிறந்த அதே வேரிலிருந்து பிறந்தது அது. மூன்றாம் கிணற்றுக்கு எவரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு ‘அகன்ற இடம்’ என்ற பொருளில் ரெகோபோத்து என்று பெயர். இப்பகுதியை விளக்குவோர் ஈசாக்கின் பொறுமையைப் புகழ்வது வழக்கம். புகழட்டும். ஆனால் அவருக்குப் போவதற்கு வேறு இடம் இருந்தது. ஒரே சுவரின் இருபுறமும் வீடு ஒதுக்கப்பட்ட இரு குடும்பங்களுக்கு மூன்றாம் கிணறு எங்கே இருக்கிறது?

காரணம் மிகச் சிறியதாயிருக்கும் சண்டையை வள்ளுவர் அறியாதவர் அல்லர். புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில் தலைவன் தும்முகிறான். உடனே வாழ்த்துகிற தலைவி, அடுத்த கணமே எவள் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். பின்பு தும்மலை அடக்குகிறான். உன்னவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறாயோ என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம். படிக்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் சண்டை தும்மலைப் பற்றியது அன்று; உன் நெஞ்சில் எனக்கு இடம் உண்டா என்பதே அவள் கேள்வி. அதை நேராகக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. கேட்க முடியாத பெரிய கேள்விக்குத் தும்மல் ஓர் உடையாக அமைந்தது, அவ்வளவே.

இனி ‘வம்பு’ என்ற சொல்லுக்கு வருவோம். நெய்வேலியில் வாழ்கிறவர்கள் இச்சொல்லின் பழைய பொருளை அறிந்தால் வியப்படைவர். தொல்காப்பியர் உரியியலில் இதற்கு நிலைபேறு இல்லாத தன்மை என்று பொருள் தருகிறார். சங்கச் செய்யுள்களில் பருவம் அல்லாத காலத்துப் பெய்யும் மழைக்கு இது அடைமொழியாகிறது. தெற்கே புதிதாக வந்த மோரியர்க்கும் அவ்வாறே ஆகிறது. வம்பர் என்றால் புதியவர், வந்தேறியவர், இன்றிருந்து நாளை போகிறவர். புதிது என்பதிலிருந்து நிலையற்றது என்றும், அதிலிருந்து வீணானது என்றும், கடைசியில் வீண் பேச்சு, வீண் சண்டை என்றும் பொருள் படிப்படியாக இறங்கியிருக்கக் கூடும்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரது நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது வெளிப்பட்ட கரும்பொருளே இவ்வூரின் விதியை மாற்றியது. 1956இல் நிறுவனம் அமைந்தது; 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்; 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது; மறு ஆண்டு மின்சாரம் பிறந்தது. முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண்ணில் இருந்த சிற்றூர்கள் பெயர்ந்தன. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்கள் எண்ணிடப்பட்ட வட்டங்களில், பதவிக்கேற்ற அளவுள்ள வீடுகளில் குடியேறினர். இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் இடம்பெயர்ந்து வெளியூரார் ஆயினர். வெளியூரார் உள்ளூரார் ஆயினர். உள்ளூரார் ஆனவர்க்கும் நிலைபேறு இல்லை. ஓய்வுபெறும் நாளில் வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தொல்காப்பியரின் பொருளில் சொன்னால் நாம் அனைவரும் இங்கே வம்பர்களே; குருக்களாகிய நாமோ மாற்றல் ஆணைக்குக் காத்திருக்கும் இரட்டை வம்பர்.

ஒரு வட்டத்தில் இரு குடும்பத்தார்க்கிடையே ஒரு பலாமரத்தின் பொருட்டு நீண்ட நாள் சண்டை நிலவியது. மரம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. கிளை அடுத்த வீட்டுக் கூரைக்கு மேல் நீள்கிறது. சருகு விழுகிறது, பிஞ்சு விழுகிறது, எறும்பு வருகிறது என்பது அவ்வீட்டார் முறையீடு. கிளையை வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும் செய்தி இது. மரத்துக்குடைய தொழிலாளியோ ஒரு குச்சியையும் தொடவிடமாட்டேன் என்று நின்றார். இருவருமே கோயிலுக்கு வருகிறவர்கள். திருப்பலியில் சமாதானம் கூறும் வேளையில் கோயிலின் இரு ஓரங்களுக்குப் பிரிந்துவிடுவார்கள். நாம் சென்று அமர்ந்து சருகைப் பற்றியே ஒரு மணி நேரம் கேட்டோம். எழும் வேளையில் அம்முதியவர், “சாமி, மகன் பிறந்த வருசம் வச்ச மரம். வர்ற வைகாசியோட எனக்கு வேலை முடியுது. வீட்டை விட்டுட்டுப் போகச் சொன்னா போறேன். மரத்தை எங்கே தூக்கிட்டுப் போவேன்?” என்றார். அடுத்த வீட்டு அம்மையார் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சருகு அதன் பிறகும் விழுந்தது; அவர் அதைக் கூட்டியெடுக்கும்போது முணுமுணுத்ததும் உண்மையே. ஆனால் கிளையைப் பற்றிய பேச்சு மீண்டும் நம்மிடம் வரவில்லை.

வருவதற்கு இன்னொரு சொல் மிஞ்சியிருக்கிறது. நாம் அன்றாடம் வழங்கும் ‘தகராறு’ தமிழ்ச் சொல் அன்று. அரபியில் ‘தக்ரார்’ என்று பிறந்து, பாரசீகம், உருது வழியாக, அரசு அலுவல் மொழியோடு சேர்ந்து நம்மிடம் வந்தது. வசூல், ஜப்தி, ஜமாபந்தி முதலியவை வந்த அதே பாதைதான். ஆனால் பிறந்த இடத்தில் அதற்குச் சண்டை என்ற பொருளே கிடையாது. திரும்பச் செய்தல், மீண்டும் மீண்டும் சொல்லுதல் என்பதே அதன் பொருள். மதரசாக்களில் மாணவர்கள் பாடத்தை ஒருவர்க்கொருவர் திரும்பச் சொல்லிப் பயில்வதற்கும் இதே பெயர்தான். பாடம் ஒப்பிப்பதற்குரிய சொல் எவ்வாறு சண்டைக்கு உரியதாயிற்று? ஒரு முறையாவது வீட்டுச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்டவர்க்கு விடை சொல்லத் தேவையில்லை. சொன்னதையே சொல்வதுதான் சண்டை. போன பொங்கலுக்குச் சொன்னது, அதற்கு முந்திய கிறிஸ்து பிறப்புக்குச் சொன்னது, திருமணப் பந்தலில் சொன்னது என்று எல்லாம் ஒரு வரிசை தவறாமல் ஒப்பிக்கப்படும்.

இத்தகைய ஒப்புவித்தலுக்குப் பெரியதொரு சான்று நமக்கு மிக அருகிலேயே உண்டு. நெய்வேலியை அடுத்த வடலூரில் 1867இல் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவருடைய பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் நூலாயின. அருளிலிருந்து பிறந்த பாட்டு என்னும் அந்தப் பெயரை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் ஏற்கவில்லை. அருட்பா என்றும் மருட்பா என்றும் இரு தரப்பார் கண்டன நூல்கள் வெளியிட்டனர். 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் வழக்குச் சென்றது. தெய்வத் தன்மையுடைய நூல் எது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி அற்பமானது அன்று. எந்தச் சமயத்துக்கும் உரிய கேள்வியே அது. திருநூல்களின் தொகுதியை வரையறுக்க நம் திருச்சபை பட்ட பாட்டை நினைத்தால் நாம் அதைப் பார்த்துச் சிரிக்க இயலாது. ஆனால் என்ன நேர்ந்தது? 1874இல் அடிகள் மறைந்தார், 1879இல் நாவலர் மறைந்தார், சண்டை மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற் பிள்ளையும் மறைமலையடிகளும் எதிரெதிர் நின்று அதை மீண்டும் நடத்தினர். கேள்வி ஒதுங்கியது, ஏச்சு மிஞ்சியது. இவ்வளவுக்கும் நடுவே தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு அணையாமல் பசித்தவர்க்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தது, இன்றும் ஆக்குகிறது. அந்த அடுப்பு எந்தக் கண்டனத்துக்கும் மறுப்பு எழுதவில்லை.

அறநெறி இறையியல் பயின்றவர்கள் இங்கே ஒரு கோட்பாட்டை நினைவுகூர்வர். பாவத்தின் கனத்தை அளக்கையில் பொருளின் சிறுமையையும் கருத வேண்டும் என்று நம் பாடநூல்கள் கற்பித்தன. ஒரு பிடி நெல்லைத் திருடியவரும் ஒரு களஞ்சியத்தைத் திருடியவரும் ஒன்றல்லர். சரியே. ஆனால் நாள்தோறும் ஒரு பிடி எடுத்தவர் நிலை என்ன? எடுத்தது ஒவ்வொன்றும் சிறிது, ஆகவே முழுவதையும் திருப்பிக் கொடுக்கும் கனத்த கடமை எனக்கில்லை என்று அவர் சொல்லலாமா? அவ்வாறு சொல்லலாம் என்ற கருத்தைத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679இல் கண்டனம் செய்தார். சிறியவை ஒன்றுசேர்ந்து ஒரு பெரியதாகும் என்பதே அறநூலார் முடிவு. திருட்டுக்குச் சொன்ன இக்கணக்கை அவமதிப்புக்கும் சொல்லலாம் என்பது நம் கருத்து. ஒரு சுளித்த முகம், ஒரு திரும்பாத வணக்கம், ஒரு கேலிப் பெயர்: தனித்தனியே எடுத்தால் எதற்கும் எடை இல்லை. நூறாவது முறை அதனால் வெடிக்கிறவரைப் பார்த்து, “இதற்கா இவ்வளவு?” என்று நாம் கேட்கும்போது, முன்னைய தொண்ணூற்றொன்பதையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால் அவர் பிடிவாதக்காரர் என்று எளிதில் முடிவு கட்டுகிறோம். முதல் முறை சொன்னபோது யாரேனும் கேட்டார்களா என்று விசாரிப்பதில்லை. தொழிலாளர்க்கும் நிர்வாகத்துக்கும் இடையே எழும் முரண்பாட்டை நம் நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் கையாண்டபோது, தமிழில் அதற்கு வழங்கிய பெயர் ‘தொழிற்தகராறு’. தண்ணீர்க் குழாயருகே நடப்பதற்கும் அதே சொல். ஆயிரக்கணக்கானோர் கூலிக்கும் பணி நிரந்தரத்துக்கும் நிற்பதற்கும் அதே சொல். சொல் ஒன்றாயிருப்பதால் வரும் ஆபத்தை இவ்வூர் நன்கு அறியும். ஒப்பந்தத் தொழிலாளர் தம் கோரிக்கையை எத்தனை ஆண்டுகள் எத்தனை முறை கூறினர்! மேலோட்டமாகப் பார்க்கிறவர்க்கு அது பழைய பாட்டு. சொன்னவர்க்கு ஒவ்வொரு முறையும் அது முதல் முறை. ஏனெனில் அவர் எதிர்பார்த்த விடை வரவில்லை. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்பதை இங்குள்ள சுரங்கத் தொழிலாளி எவரும் சொல்வார். அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தளமே பிளந்து நீர் மேலேறும். மேலே நிற்பவர் காலுக்குத் தரை உலர்ந்தே தெரியும்.

2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கே சுரங்க வாயில் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர்க்கும் காவலிருந்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர்க்கும் உள்ளே செல்வதைப் பற்றி வாக்குவாதம் எழுந்தது. வாயிற்காப்போனுக்கும் வருவோனுக்கும் இடையே நாடெங்கும் நாளும் நிகழும் சொற்பூசல்தான். அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. தொழிலாளி அங்கேயே இறந்தார். ஊர் கொந்தளித்தது, கல்லெறியும் தடியடியும் நிகழ்ந்தன. அன்றைய பேச்சில் குற்றம் யார்மேல் என்று தீர்ப்பிடுவது நம் பணி அன்று. நாம் கேட்க விரும்புவது வேறு. அந்த வாயிலில் சொற்கள் பிறந்த முதல் நிமிடத்தில் அவ்வழியே சென்ற ஒருவரிடம் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? “ஒன்றுமில்லை, சின்னத் தகராறு” என்பதாகத்தான் இருந்திருக்கும். சண்டையின் அளவை அதன் பொருளைக்கொண்டு அளக்க முடியாது. எதிரே நிற்பவர்களில் யார் கையில் என்ன இருக்கிறது என்பதையும் கொண்டே அளக்க வேண்டும். வலியவருக்குச் சில்லறையாகத் தெரிவது எளியவருக்குக் கையிருப்பு முழுவதுமாக இருக்கலாம்.

அதற்காக எல்லாச் சண்டைகளையும் புனிதமாக்கிவிடவும் நாம் ஒருப்படோம். வம்பையே உணவாகக்கொண்டு வாழ்கிறவர்களும் நம் நடுவே உண்டு. பிறர் வீட்டுப் பிணக்கை அளந்து பார்க்காவிட்டால் அவர்களுக்குப் பொழுது போகாது. ஆலயத் திருவிழாவில் தேர் இழுக்கும் வடத்தின் முனையை யார் பிடிப்பது என்பதில் பெரிய உரிமைப் பிரச்சினை எதுவும் மறைந்திருப்பதாக நாம் நம்பவில்லை. பல வேளைகளில் அது வெறும் செருக்கே. ஆனால் எது செருக்கு, எது ஆறாத புண் என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. பெயரைக்கொண்டு அறிய முடியவில்லை. கேட்பதற்கு நேரமாகும். ஒரு மணி நேரம் சருகைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

நம் பங்குப் பேரவையின் கூட்டக் குறிப்பேட்டில், குடும்பங்களுக்கும் அன்பியங்களுக்கும் இடையிலான மனத்தாங்கல்கள் யாவும் நெடுங்காலமாகக் கடைசிப் பக்கத்தில் ‘இதர’ என்ற தலைப்பின்கீழ் எழுதப்படுகின்றன. கட்டடம், கணக்கு, திருவிழா ஆகியவை முடிந்து எல்லோரும் தேநீர்க் குவளையைக் கீழே வைக்கும் நேரத்தில் அத்தலைப்பு வரும். பெரும்பாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படும். அதனை முதல் தலைப்பாக மாற்றலாம் என்று சென்ற தவக்காலத்தில் ஒரு முன்மொழிவு வைத்தோம். முதலில் கணக்கைப் பார்க்காவிட்டால் நேரம் போதாது என்றார் பொருளாளர். இளைஞர் அணியினர் முன்மொழிவின் பக்கம் நின்றனர். மூன்று கூட்டங்களாக இருதரப்பாரும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கின்றனர். செயலர் அதனையும் ‘இதர’ என்ற தலைப்பின்கீழேயே எழுதிவைத்திருக்கிறார்.